கடைசிப் படத்தில் கோடு இல்லை

மணப்பெண் அழகாகத்தான் சிரித்திருந்தாள். ஆனால் அவள் கண்ணுக்குக் கீழே, இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரைக்கும், ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் ஒரு வெள்ளைக் கோடு. பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையையும் அது விட்டுவைக்கவில்லை. அடுத்த படத்தில் மாமியார், அதற்கடுத்ததில் நாதஸ்வரக்காரர், அதற்கும் அடுத்ததில் பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர். ஆள் யார் என்ன என்று பார்க்காமல் எல்லோர் முகத்திலும் ஒரே உயரத்தில் ஓடியிருந்தது கோடு.

ஜெனிதா கணினித் திரையைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள்.

“இன்னா பாபுண்ணே பண்ணி வச்சிக்கிறீங்க?”

டில்லிபாபு மந்தைவெளியில் பிலிம் கழுவிக் கொடுக்கிறவர். கல்லூரிப் பிள்ளைகளெல்லாம் திடீரென்று பிலிம் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைவதால் இப்போது அவர் காட்டில் மழை.

“நான் இன்னா பண்ணேன்? உன் கேமரா பண்ணிச்சு.”

“கழுவிட்டு ரப்பர வச்சு தண்ணிய வழிக்கிறீங்கல்ல, அதுல எதுனா தூசி ஒட்டிக்கினு கீதா பாருங்க.”

“இந்தாம்மா, இன்னிக்குக் கழுவுன அத்தினி ரோலும் உள்ள தொங்கிக்கினு கீது. நீயே போய்ப் பாரு. எதுலனா ஒரு கோடு கீதுன்னா கடைய இழுத்து மூடிட்டுப் பூடறேன்.”

போய்ப் பார்த்தாள். ஒவ்வொன்றாக விளக்கில் காட்டிப் பார்த்தாள். ஒன்றிலும் கோடில்லை. அது அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. தப்பு டில்லிபாபுவுடையதாக இருந்திருந்தால் எவ்வளவு வசதி! நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வேறு கடையைப் பார்த்துக்கொண்டு போயிருக்கலாம். இப்போது மன்னிப்பு வேறு கேட்க வேண்டும். கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஜெனிதாவும் ஸஹானாவும் சேர்ந்து கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிறவர்கள். கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததில் தொடங்கிய சிநேகம். ஸஹானாவுக்கு மயிலாப்பூர், டிஜிட்டல் படங்களும் வாடிக்கையாளரிடம் இனிக்க இனிக்கப் பேசுவதும் அவள் பொறுப்பு. ஜெனிதாவுக்கு நொச்சிக்குப்பம், பிலிம் அவள் கை. இரண்டு பேரும் பாதிப்பாதி போட்டு வாங்கிய பழைய ஜப்பான் கேமரா ஒன்று ஜெனிதா வீட்டில்தான் இருக்கும். ஆயுத பூஜை வரைக்கும் அது சமர்த்தாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு போட்ட முதல் ரோலில்தான் இந்தச் சனியன்.

சனியன் வந்த நேரமும் அப்படி. வருகிற ஞாயிற்றுக்கிழமை அடையாறில் சிந்து என்கிற பெண்ணுக்குக் கல்யாணம். அந்தப் பெண் வீட்டில் எல்லோரிடமும் மல்லுக்கு நின்று, முழுக்க முழுக்கப் பிலிமில்தான் எடுக்க வேண்டும், அதையும் ஜெனிதாதான் எடுக்க வேண்டும் என்று சாதித்திருந்தாள். இதுவரை எந்தக் கல்யாணத்திலும் ஸஹானாவின் படங்கள்தான் சாப்பாடு, ஜெனிதாவின் பிலிம் ஓரத்தில் வைக்கிற ஊறுகாய். முதல் தடவையாக ஒரு கல்யாணம் முழுசாக அவள் கைக்கு வந்திருக்கிறது. கோடு போகாவிட்டால் அதுவும் போய்விடும். வேறு கேமரா இரவல் கேட்கலாமென்றால், எடுக்கிற படத்திலெல்லாம் கோடு போடுகிறவளை நம்பி யார் தருவார்கள்?

மறுநாள் தி. நகருக்குப் போய், ரங்கநாதன் தெருவில் மூட்டை முடிச்சோடு முட்டி மோதிக்கொண்டு போகிற ஜனத்தையெல்லாம் ஒரு ரோல் முழுக்க எடுத்து, பக்கத்திலேயே வேறொரு லேபில் கொடுத்தாள். அங்கேயும் அதே கோடு, அதே உயரம். சரி, டில்லிபாபு உத்தமர்தான். கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஊதுகுழாயால் ஊதினாள். மெல்லிய பிரஷ்ஷால் மூலை முடுக்கெல்லாம் தட்டினாள். பிலிமைப் பின்னாலிருந்து தட்டையாகப் பிடித்துக்கொள்ளும் கறுப்புத் தகட்டை மூக்குக்கண்ணாடித் துணியால் துடைத்தாள். விரலால் தடவிப் பார்த்தால் வழவழவென்று இருந்தது. இனி எங்கே வரும் கோடு என்று அடுத்த ரோலைப் போட்டு எடுத்தாள். வந்தது.

தலையைப் பிய்த்துக்கொள்ளாத குறை. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறை மாடியில் அசோகன் என்று ஒருவர் பழைய கேமராக்களைப் பழுது பார்க்கிறார் என்று கேள்விப்பட்டு, இரண்டு பஸ் மாறிப் போனாள். அவர் மேஜைமேல் வயிற்றைத் திறந்து போட்ட கேமராக்கள் கிடந்தன.

“வச்சிட்டுப் போ. ரெண்டு மாசம் ஆவும்.”

“ஞாயித்துக்கெழம கல்யாணம் சார். ஒரு தரம் தொறந்து மட்டும் பாருங்க.”

“ஊடு எங்க?”

“நொச்சிக்குப்பம்.”

அசோகன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. கேமராவை அவர் கையால்கூடத் தொடவில்லை. “அப்ப மணலு. பீச்சாங்கரைல குந்திக்கினு பிலிம் கேமரா வச்சிக்கினா வேற இன்னா ஆவும்? முதல்ல அத்த வக்கிற எடத்த மாத்து.”

“நான் தொடச்சு சுத்தமாத்தான் சார் வச்சிக்கிறேன். தொறந்து பாத்துட்டு சொல்லுங்க.”

“பாக்கவே தேவல.”

தெருப் பெயரைக் கேட்டு நோய் சொல்கிற டாக்டரை அவள் இதுவரை பார்த்ததில்லை. அந்த எரிச்சலில் ஒரு காரியம் செய்தாள்: பஸ்ஸில் நின்றபடியே ஸஹானாவுக்குப் போன் போட்டு, அந்த ஆள் சொன்னதைச் சொல்லிக் கரித்துக்கொட்டினாள். ஸஹானாவும் சேர்ந்து திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். அவளோ, “அப்பறம் பேசறேன்” என்று வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் ஸஹானா ஸ்கூட்டரில் நொச்சிக்குப்பத்துக்கே வந்துவிட்டாள். சாலையோரம் ஜெனிதாவின் அம்மா தேசம்மா பலகை போட்டு மீன் விற்றுக்கொண்டிருந்தாள். ஜெனிதா பக்கத்தில் நின்று, வாங்க வந்த ஒருவருக்குப் பையில் சங்கரா மீன் போட்டுக்கொண்டிருந்தாள். ஸ்கூட்டரை நிறுத்தியதும் நிறுத்தாததுமாக ஸஹானா ஆரம்பித்தாள்.

“வேற என்னடீ இருக்க முடியும்? மணல்தான். உங்காத்துத் தரையில மணல், பாயில மணல், ஆன்ட்டி புடவையை உதறினா மணல். நீ எத்தனை தொடச்சாலும் திரும்ப வந்துடும். ஞாயித்துக்கிழமை வரைக்கும் கேமரா எங்காத்துல இருக்கட்டும்.”

“இருந்துட்டு?”

“நானே எடுத்துடறேன். நீ கூட நின்னு லைட் பாத்துக்கோ. சிந்துகிட்ட நான் பேசிக்கறேன். கோவிச்சுக்காதே ஜெனி, இதுல சொதப்பினா நம்ம பேரே போயிடும்.”

நம்ம பேர். ஜெனிதா என்ன பேச? இல்லையென்று நிரூபிக்க அவளிடம் ஒன்றும் இல்லை. மணல் இருப்பது என்னவோ உண்மை. கடலை வீட்டுக்கு எதிரே வைத்துக்கொண்டு மணல் இல்லையென்று எப்படிச் சொல்வது?

தேசம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, உட்கார்ந்தபடியே தன் புடவைக் கொசுவத்தைக் குனிந்து பார்த்தாள். மீன் வாங்க வந்தவர் பையை வாங்கிக்கொண்டு, இரண்டு பெண்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். ஜெனிதா வீட்டுக்குள் போய்க் கேமராவை எடுத்துவந்து ஸஹானா கையில் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான் ஏன் கொடுத்தோம் என்று தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மறுநாளிலிருந்து தேசம்மா பெருக்க ஆரம்பித்தாள். விடிகாலையில் மீன் ஏலத்துக்குப் போகுமுன் ஒரு தரம், வந்ததும் ஒரு தரம், விளக்கு வைக்கும்போது ஒரு தரம். வாசலில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து, காலைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். பாயைக் கொண்டுபோய்ச் சுவரில் அடித்தாள். ஜெனிதாவின் கேமராப் பெட்டியை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றி, அதன்மேல் பழைய துப்பட்டா ஒன்றை நாலாக மடித்துப் போட்டாள். கேமராவோ இந்த வீட்டிலேயே இல்லை.

“இப்ப எதுக்கும்மே இதெல்லாம்?” என்று ஜெனிதா கத்தினாள்.

“நாளைக்குத் திரும்பிக் கொண்டாருவல்ல. அப்ப சுத்தமா இருக்கட்டும்.”

“நம்ம ஊட்டு மணலு ஒன்னும் பண்ணல.”

“உனக்கு எப்படிம்மே தெரியும்? அந்தப் பொண்ணு சும்மா சொல்லுமா? என்னாலதான் உன் பொழப்பு கெடுதோன்னு கீது எனக்கு.” தேசம்மா துடைப்பத்தைத் தரையில் தட்டி நேராக்கிக்கொண்டு மூலையைப் பெருக்கப் போனாள்.

ஜெனிதாவுக்கு அழுகை வந்தது. அழுதால் அம்மா இன்னும் பெருக்குவாள் என்பதால் அடக்கிக்கொண்டாள். நெகட்டிவ் உறையை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். மூன்று ரோலையும் கண் பூத்துப் போகிற அளவுக்குப் பார்த்தாகிவிட்டது. ஆனாலும் வேறு என்ன செய்ய? இந்த முறை கோட்டைப் பார்க்காமல், கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்தாள்.

தொடக்கத்திலேயே தொடங்கியது. ஆனால் ரோலின் முடிவு வரை போகவில்லை, அதற்கு முன்னாலேயே நின்றுவிட்டது. கல்யாண ரோலின் கடைசிப் படம், பந்தி முடிந்து இலையெடுக்கும் பெண்மணி. அவள் முகம் பளிச்சென்று இருந்தது. ரங்கநாதன் தெரு ரோலின் கடைசிப் படத்திலும் கோடில்லை. மூன்றாவதிலும் இல்லை. ஸ்கேனில் வரிசையாக எல்லாவற்றையும் பார்த்துச் சலித்துப்போய், கடைசிப் படம் வருமுன்னே திட்டிக்கொண்டு மூடியவள் அவள்தான்.

கேமராவுக்குள் பிலிம் இடப்பக்கத்து டப்பாவிலிருந்து கிளம்பும். நடுவில் ஜன்னல்போல் இருக்கிற இடத்தில் நின்று படத்தை வாங்கிக்கொண்டு, வலப்பக்கம் போய்ச் சுருண்டுகொள்ளும். கடைசிப் படம் மட்டும் அந்த ஜன்னலைத் தாண்டுவதே இல்லை. அதை எடுத்ததும் பிலிமைத் திரும்ப டப்பாவுக்குள் சுற்றிவிடுவார்கள். டப்பாவின் வாயிலோ தகட்டிலோ கோளாறு இருந்திருந்தால் கடைசிப் படத்திலும் கோடு விழுந்திருக்கும். ஆக, கீறுகிற வஸ்து ஜன்னலைத் தாண்டி வலப்பக்கம் இருக்கிறது. நெகட்டிவைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தாள். கீறல் பளபளப்பான பின்பக்கத்தில் இருந்தது, அதாவது கேமராவின் பின்மூடிப் பக்கம். மூடியில் வலப்பக்கம் பிலிமைத் தொடுவது ஒன்றே ஒன்றுதான்: தீக்குச்சி கனத்தில் ஒரு சின்ன உருளை. எல்லாவற்றையும் துடைத்தவள், அது சுற்றுகிறதா என்று ஒரு தடவைகூட உருட்டிப் பார்க்கவில்லை.

மயிலாப்பூருக்குப் போகிற வழியெல்லாம் ஒரே பயம். அந்த உருளையில் ஒட்டிக்கொண்டிருப்பது மணலாகவே இருந்துவிட்டால்? போகும்போதே மாதாவிடம் வேண்டிக்கொண்டாள். இதற்கெல்லாம் மாதாவைத் தொந்தரவு செய்வதா என்று கூச்சமாகவும் இருந்தது.

ஸஹானா வீட்டுக் கூடத்தில் அவள் அம்மா நீரஜா நாலைந்து பெண்களுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். தாளம் போட்ட கையை நிறுத்தாமலேயே, “வாடி ஜெனிதா, உள்ள இருக்கா பாரு” என்றாள். நல்ல மனுஷி. ஆயுத பூஜையன்று, “உங்க பொழப்புக்கு ஆதாரம், அதுக்கும் பூஜை பண்ணணும்” என்று கேமராவைக் கேட்டு வாங்கி, தம்பூராவுக்கும் பாட்டுப் புத்தகங்களுக்கும் நடுவில் வைத்தவளும் அவள்தான்.

ஸஹானா அறையில் கேமராவும் பிரிக்காத பிலிம் டப்பாக்களும் கட்டில்மேல் இருந்தன. ஜெனிதா நேரே போய்க் கேமராவை எடுத்து மூடியைத் திறந்தாள்.

“என்னடீ பண்றே?”

“கடைசிப் படத்துல கோடு இல்ல. மூணு ரோல்லயும் இல்ல. தப்பு இங்க கீது.” உருளையை விரல் நுனியால் உருட்டினாள். நகரவில்லை. அழுத்தி உருட்டினாள். மரம்போல் நின்றது. கைப்பையிலிருந்த சின்ன லென்ஸை வைத்துப் பார்த்தபோது, உருளையின் நடுவில், அது மூடியோடு சேருகிற இடுக்கில், மஞ்சளாக ஏதோ ஒன்று காய்ந்து கெட்டியாகி அடைத்துக்கொண்டிருந்தது. ஊசி முனையால் நெம்பினாள். பொருக்காகப் பெயர்ந்து உள்ளங்கையில் விழுந்தது. மணல் இப்படிப் பெயராது. மூக்கருகே கொண்டுபோனாள்.

அப்படியே ஸஹானாவின் மூக்குக்கும் கையை நீட்டினாள். “மோந்து பாரு.”

ஸஹானா குனிந்து முகர்ந்தாள்.

“சந்தனம்,” என்றாள் மெதுவாக. “பூஜை அன்னிக்கு அம்மா இட்டது. முன்னாடி கண்ணாடியில எதுவும் படப்படாதுன்னு நீ சொல்லிட்டுப் போனியோல்லியோ, அதான் பின்னாடி திறந்து உள்ள இட்டுட்டா. ஆனா நான் அடுத்த நாளே தொடச்சுட்டேனே!”

“தொடச்சியா? அப்ப உனக்குத் தெரியும்?”

“தகட்டு மேல பெரிசா இருந்தது. நன்னா அழுத்தித் தொடச்சேன். கொஞ்சம் ஓரத்துல போய் மாட்டிண்டிருக்கும்போல. அதுக்கப்புறம் எனக்கு ஞாபகமே இல்லடீ. சத்தியமா. சந்தனம்தானேன்னு...”

சந்தனம்தானே. அது அழுக்குக் கணக்கில் வரவே இல்லை. கோடு எங்கிருந்து வந்தது என்று இத்தனை நாள் ஊரெல்லாம் தேடியபோது, பூஜைக்கு அடுத்த நாள் தன் கையால் துடைத்த ஒன்று ஸஹானாவின் நினைவுக்கு வரவில்லை. தேசம்மாவின் புடவை மட்டும் வந்திருக்கிறது. ஜெனிதாவுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். கோளாறு கிடைத்துவிட்டது, ஊசியும் பஞ்சும் போதும், ஞாயிற்றுக்கிழமை பத்திரம். ஆனால் சந்தோஷம் வரவில்லை.

ஸஹானா எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினாள். கூடத்துப் பாட்டுச் சத்தம் குறைந்தது.

“ஜெனி, ஞாயித்துக்கிழமை நீதான் எடுக்கறே. நான் பேசினது தப்பு. ஆனா ப்ளீஸ், அம்மாகிட்ட மட்டும் சொல்லாதே. பூஜை பண்ணி வெச்சது இப்படி ஆயிடுத்துன்னா ரொம்ப மனசு கஷ்டப்படுவா.”

ஜெனிதா அவளையே பார்த்தாள். ஸஹானா நடிக்கவில்லை. அம்மா வருத்தப்படுவாளே என்கிற தவிப்பு நிஜமாகவே அவள் முகத்தில் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கத்தான் ஜெனிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“எங்கம்மா எதிர்லதானடி சொன்ன, மணலுன்னு? மீன் வாங்க வந்த ஆளு வேற நின்னுக்கினு இருந்தாரு. அப்ப கதவ சாத்தணும்னு தோணிச்சா உனக்கு? அன்னிலேர்ந்து அது ஊட்டப் பெருக்கிக்கினே கீது. தன்னாலதான் என் பொழப்பு போச்சுன்னு சொல்லிக்கினு கீது.”

“ஆன்ட்டி... அப்படி நெனச்சாளா?”

“வா. வந்து நீயே அதுகிட்ட சொல்லு.”

நொச்சிக்குப்பத்தில் மாலை வியாபாரம் சூடு பிடித்திருந்தது. தேசம்மா ஒரு வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். ஸஹானா அவளெதிரே குந்தி உட்கார்ந்து, தட்டுத் தடுமாறி, சந்தனத்தையும் உருளையையும் சொல்லி முடித்தாள். மணல் இல்லை ஆன்ட்டி, உங்க மேல தப்பே இல்லை, நான் அவசரப்பட்டுப் பேசிட்டேன் என்றாள். கண்ணில் தண்ணீர் தளும்பிவிட்டது.

தேசம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாய்விட்டுச் சிரித்தாள். “சாமிக்கு வச்ச சந்தனமா! அட, அதுக்கா இந்தப் பாடு!” பிறகு கத்தியை நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “ஏம்மா, உங்கம்மா காதுல இத்தப் போட்டுடாதே. பக்தியா செஞ்சவங்க, மனசு நோவும்.”

ஜெனிதாவால் தாங்க முடியவில்லை. யாரிடம் கோபித்துக்கொள்வது என்றே தெரியவில்லை. போனை எடுத்து நீரஜாவின் எண்ணை அழுத்தி, மணி அடிக்கிற போனை ஸஹானா கையில் திணித்தாள்.

“வேணாம்மே,” என்றாள் தேசம்மா.

ஸஹானா போனைக் காதில் வைத்தாள். “அம்மா, நான்தான். ஜெனிதா ஆத்து மணல்னு உங்கிட்டயும் சொன்னேன் இல்லியா. மணல் இல்லேம்மா. நம்மாத்துச் சந்தனம். நீ உள்ள இட்டது. நான் அத சரியாத் தொடைக்கல. இங்க ஆன்ட்டி முன்னாடிதான் நிக்கறேன்.” சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, போனைத் தேசம்மாவிடம் நீட்டினாள். “அம்மா உங்ககிட்ட பேசணுமாம்.”

“ஐயோ, கையெல்லாம் கவுச்சிம்மா,” என்று தேசம்மா இரண்டு கையையும் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். ஸஹானா நகர்ந்து வந்து போனை அவள் காதோடு சேர்த்துப் பிடித்தாள்.

நீரஜா என்ன சொன்னாள் என்று ஜெனிதாவுக்குக் கேட்கவில்லை. தேசம்மா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். “ஆங். ஆங். அதெல்லாம் இல்லம்மா. நீங்க இன்னாத்துக்கு... ஒன்னும் இல்லம்மா, எனக்கு ஒன்னும் இல்ல.”

“ஒன்னும் இல்லன்னு சொல்லாதம்மே,” என்றாள் ஜெனிதா. “இருந்திச்சுல்ல. இருந்திச்சுன்னு சொல்லு.”

தேசம்மா மகளை நிமிர்ந்து பார்த்தாள். வெட்டிய மீன் பலகையில் கிடந்தது. வாங்க வந்த அம்மாள் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

“இருந்திச்சும்மா,” என்றாள் தேசம்மா போனில், மெதுவாக. “கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்திச்சு.”